சுவரிலேயே விட்டுப்போன சுவிட்ச்

கண்ணு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் முதல் நான்கு வரி மசி கரைந்துபோனது. அதில் என் உடம்பைப் பற்றித்தான் விசாரித்திருப்பாய், பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. கோலாரில் தினமும் கரண்ட் போகிறதாம். ஆபீஸ் வேலை போதாதென்று பின்கட்டில் முந்நூறு கோழிக்குஞ்சு இறக்கியிருக்கிறாயாம். இங்கிருந்து நீ எடுத்துப்போன அப்பாவின் ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே ஓடிவிட்டதாம். குஞ்சுகளுக்கு மேலே பல்பு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, தெருவே இருண்டு கிடக்கும்போது நம் வீடு மட்டும் ஜெகஜ்ஜோதியாக இருக்கிறது, மருமகள் கைதட்டிச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வயதில் அப்பனைப் போலவே அளக்கிறான் பார் என்று பக்கத்து வீட்டு ரோசம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் ஒரு வரி வந்தது. "சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது அம்மா. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு வயரை எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்தார். ஒரு முனை இன்ஜினில், மறுமுனை வீட்டு பிளக் பாயிண்டில். மெயினை மட்டும் மறக்காமல் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான்." அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். ரோசம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அந்த வயரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்ஜினை எடுத்துக்கொண்டு போனாய், சுவிட்சைச் சுவரிலேயே விட்டுவிட்டாய். அது உன் தப்பில்லை. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தில் நிற்கிற அந்தப் பெரிய கத்தி சுவிட்ச்தான் சேஞ்ச் ஓவர், அது எதற்கென்று உன்னிடம் யார் சொன்னார்கள்? உன் அப்பா சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. "வுடு, அந்தப் பேச்சு இன்னாத்துக்கு?" என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்துவிடுவார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி என்னைத் தடுக்க ஆள் இல்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீளமாக இருக்கும். குஞ்சுகளுக்குத் தீனி போட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் உனக்குச் சிரிப்பு வருகிற ஒன்று. நீயும் அந்தக் குஞ்சுகளைப் போலத்தான் வளர்ந்தாய். எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாய். ஒரு கையில் அடங்குகிற அளவு. அழுதால் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்காது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பும்போது நர்ஸம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பாலு கொஞ்சம் முன்ன பின்ன ஆனா கூட பரவால்ல. சூடு மட்டும் குறையக் கூடாது." உன் அப்பா அன்றைக்கே கடையிலிருந்து ஆம்பிளிஃபயர் வந்த மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். அப்போதுதான் அவர் தங்கச் சுரங்க வேலையை விட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குக் கீழே தகரம், தகரத்துக்குக் கீழே நாற்பது வாட் பல்பு இரண்டு. சூடு சரியா என்று பார்க்க என் கன்னத்தைத்தான் உள்ளே வைப்பேன். அந்தப் பெட்டியில் நீ வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமும் வரும், சிரிப்பும் வரும். பெட்டியின் மேலே "கவனம், உடையும் பொருள்" என்று எழுதியிருந்தது.

நீ வீட்டுக்கு வந்த நான்காம் நாள் புயல் மழை பிடித்தது. இரண்டு கம்பம் தள்ளி ஒயர் அறுந்து விழுந்தது, தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். உன் அப்பாவுக்கு என் அழுகை பிடிக்காது. "இன்னாமே பயப்படுற? லைன் போனா போவட்டும். நம்ப இன்ஜின் இருக்குது இல்ல?" என்றார். கரண்டே வராத ஊர்களின் திருவிழாவுக்கு எடுத்துப்போகிற இன்ஜின் அது, இப்போது உன்னிடம் இருக்கிறதே அதேதான். அதைப் பின்வாசல் தாழ்வாரத்தில் வைத்தார். ஒரு வயரின் இரண்டு முனையிலும் பின் மாட்டினார். ஒன்றை இன்ஜினில் செருகினார், இன்னொன்றை வீட்டு பிளக் பாயிண்டில். வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. இரண்டு பல்புக்கு இன்ஜினிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்திருந்தால் போதும், வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் ஊரே இருண்டு கிடக்கும்போது தன் வீடு மட்டும் எரிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. உன் கடிதத்தில் அதே ஆசையைப் பார்த்துத்தான் ரோசம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் அசட்டை ஆளும் இல்லை. சுரங்கத்தில் எலக்ட்ரிக் பக்கம் ஐந்து வருஷம் வேலை செய்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒயரில் கை வைக்கப்போகிறவன் முதலில் அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வேலையை முடித்து வந்து தன் கையாலேயே திரும்பச் செருகும்வரை, வெள்ளைக்கார துரையே வந்து நின்றாலும் அந்த லைனில் கரண்ட் கிடையாது. உயிரையே பையில் வைத்துக்கொள்கிற மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் அவர் வீட்டு மெயினை இறக்கி, பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஜின் கரண்ட் வெளியே தெருக் கம்பிக்குப் போகாது. சரியான வேலை. மறுநாள் மத்தியானம் பெட்ரோல் தீர்ந்துகொண்டு வந்தது. டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "ஃபியூஸ் எங்கிட்ட இருக்குது. நான் வர்ற வரைக்கும் மெயின் பக்கமே போவாத." சரி என்று தலையாட்டினேன்.

அவர் போய் ஒரு மணி நேரம் ஆனது. மழையில் பாதையெல்லாம் வெள்ளம். இன்ஜினில் பெட்ரோல் அடியைத் தொட்டுவிட்டது, குச்சி விட்டுப் பார்த்தேன். அந்த நேரம் ரோசம்மா வாசலில் வந்து, "கரண்ட் ஆபீஸ் ஆளுங்க வந்துட்டாங்கடி, நம்ப தெருவுலதான் ஏணி போட்டுக்கினு இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்றே நினைத்தேன். இன்ஜின் நின்றபிறகு மெயினைப் போட்டால் நடுவில் பெட்டி குளிர்ந்துவிடும். இப்போதே மெயினைப் போட்டு வைத்துவிட்டால், இன்ஜின் நிற்கிற நேரத்தில் தெருக் கரண்ட் வந்து பிடித்துக்கொள்ளும். உன் பல்பு ஒரு நொடிகூட அணையாது. கடை அலமாரியில் இன்னொரு பீங்கான் ஃபியூஸ் இருந்தது. எடுத்துவந்தேன். முக்காலி மேல் ஏறிச் செருகினேன். மெயினை மேலே தள்ளினேன்.

இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. என் கைதான் அது. ஊர் நினைத்ததுபோல உன் அப்பாவின் கை இல்லை.

மெயினைத் தள்ளியதும் இன்ஜின் ஒரு முறை முனகியது, பாரம் ஏறினாற்போல. பல்பு கொஞ்சம் மங்கியது. பக்கத்து வீட்டில் ரோசம்மா, "வந்துட்சி! கரண்ட் வந்துட்சி!" என்று கத்தினாள். அவள் வீட்டில் எரிந்தது நம் இன்ஜின் கரண்ட் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒயர் அறுந்திருந்ததால் நம் பக்கத்துத் துண்டில் நான்கே வீடுதான், அதனால் இன்ஜினும் தாக்குப்பிடித்தது. கடவுளே நன்றி என்று நான் முக்காலியிலிருந்து இறங்கினேன். அடுத்த நிமிஷம் தெருவில் ஒரு ஆள் அலறினான். கம்பத்தின் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன். "இன்ஜின்! எவன் வூட்டு இன்ஜின்டா அது! நிறுத்துங்க!" ரோசம்மா ஓடிவந்தாள். "நிறுத்துடி! லைன்மேன் மாட்டிக்கினான்! கை ஒயரோட ஒட்டிக்கிச்சி!"

தெரு மூலைக் கம்பத்தில் இருந்த லைன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அவர். நான் அந்தக் கம்பிக்கு உயிர் கொடுத்துவிட்டேன்.

கண்ணு, இப்போது எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நான் இன்ஜினிடம் ஓடினேன். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் மேல் இருக்கிற வயரைப் பிடுங்கினால் நின்றுவிடும், எனக்குத் தெரியும். கை வைத்தேன். கை வைத்துக்கொண்டே திரும்பி உள்ளே பார்த்தேன். கதவு வழியாக உன் பெட்டி தெரிந்தது, தகர விளிம்பில் பல்பு வெளிச்சம் தெரிந்தது. இதை நிறுத்தினால் அது அணையும். சூடு குறையக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னது காதில் கேட்டது. நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஒரு மூச்சு இருக்கும், இரண்டு மூச்சு இருக்கும். அந்த மூச்சுக்குள் கம்பத்தின் மேல் ஒரு மனிதனின் கை வெந்துகொண்டிருந்தது என்று தெரிந்தே நின்றேன். பிறகு பிடுங்கினேன். வீடு இருண்டது. தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கினார், அதனால் கீழே விழவில்லை. இறக்கி நம் வாசலில்தான் கிடத்தினார்கள். வெங்கட்டப்பா. ஆமாம், உன் வெங்கட்டப்பா மாமாதான். வலது கை உள்ளங்கை கருகியிருந்தது. மூச்சு வந்ததும் அவர் முதலில் திட்டினார், தெலுங்கிலும் தமிழிலும் நம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். திட்டட்டும் என்று உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றேன். திட்டிக்கொண்டே வந்தவர் என் முந்தானைக்குள் எதையோ பார்த்துவிட்டு நிறுத்தினார். "இன்னாம்மா அது?" என்றார். துணியை விலக்கிக் காட்டினேன். "அய்யோ தேவுடா, இம்மாந்துண்டு இருக்குது!" என்றார். உள்ளே பெட்டியையும் பல்பையும் ரோசம்மா காட்டினாள். அவர் அப்படியே எழுந்து உட்கார்ந்து, கூட வந்த ஆளிடம் சொன்னார்: "டேய், உள்ள போய் மெயின் ஃபியூஸைப் புடுங்கு. புடுங்கி எங்கிட்ட குடு. அப்பறம் இன்ஜினைப் போடு. மொதல்ல அந்த கொயந்தைக்கு லைட்டு எரியட்டும், ஆஸ்பத்திரிக்கு அப்பறம் போவலாம்." நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபியூஸை இடது கையால் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பல்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீ இன்று கடிதம் எழுதுகிறாய், கல்யாணம் கட்டிக்கொண்டாய், கோழி வளர்க்கிறாய் என்றால், அதில் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உன் அப்பா பெட்ரோல் டின்னோடு வந்து சேர்ந்தபோது கரண்ட் ஆபீஸ் ஓவர்சியரும் வெங்கட்டப்பாவைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா ஒரே பார்வையில் மெயினையும் முக்காலியையும் என் முகத்தையும் பார்த்தார். "ஃபியூஸைப் புடுங்க மறந்துட்டேன் சார். தப்பு எம்மேல" என்றார். பிடுங்கிய ஃபியூஸ் அவர் சட்டைப் பையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை வைத்துக்கொண்டே மறந்துவிட்டேன் என்கிறார். நான் பேசப் போனேன். டின்னை என் காலடியில் ஓங்கி வைத்தார், பேசாதே என்று அர்த்தம். அதோடு அவருடைய வயரிங் லைசென்ஸ் போனது. மனு போட்டிருந்தார், அந்த மாதம் வர வேண்டியது. "லைசென்ஸ் பெற்ற வயரிங் கான்ட்ராக்டர்" என்று பெயிண்டரிடம் எழுதி போர்டுகூட வாங்கி வைத்திருந்தார். அது ஒரு நாளும் கடைக்கு மேலே ஏறவில்லை. அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்திருந்த பலகையின் முதுகில் நீ சாக்பீஸால் அ ஆ எழுதிப் பழகினாயே, அதுதான். கடைசிவரை மைக் செட்டுக்காரராகவே இருந்தார். ஒரு நாள், ஒரு சண்டையில், கோபத்தின் உச்சியில்கூட அவர் இதைச் சொல்லிக் காட்டியது இல்லை. என் சமையலில் உப்பு கூடினால் ஒரு வாரம் சொல்லிக்காட்டுகிற மனுஷன் அவர். இதை மட்டும் சொல்லவில்லை.

நம் வீட்டு லைனை உடனே வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கையில் கட்டோடு ஆபீசுக்குப் போய் நின்று, "இப்ப கட் பண்ணாதீங்க சார், அந்த கொயந்த தேறட்டும்" என்று கேட்டது யார் தெரியுமா? வெங்கட்டப்பாதான். நாற்பது நாள் கழித்துத்தான் வெட்டினார்கள். நீ அதற்குள் பெட்டிக்கு வெளியே வந்து கை காலை உதைத்துக்கொண்டிருந்தாய். அவருக்கு இரண்டு விரல் மடங்காமலே போய்விட்டது. கம்பம் ஏறுகிற வேலையிலிருந்து எடுத்து மீட்டர் பார்க்கிற வேலையில் போட்டார்கள்.

திரும்ப நமக்கு லைன் கொடுத்த வாரம் அவர் ஒரு சாக்குப் பையோடு வந்தார். உள்ளே அந்தக் கத்தி சுவிட்ச். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்ததாம், தேய்த்துச் செம்பைப் பளபளவென்று ஆக்கியிருந்தார். உன் அப்பா ஸ்க்ரூ முடுக்க, இவர் இடது கையால் சுட்டிக் காட்டினார். நடுவில் வீட்டு வயர், மேலே தெரு லைன், கீழே இன்ஜின். கத்தி போல இரண்டு செம்புத் தகடு, ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் வீட்டுக்குத் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் இன்ஜின் கரண்ட். இரண்டும் சேர்ந்து ஒட்டவே முடியாது. யார் மறந்தாலும், யார் பயந்தாலும், யார் கெட்டிக்காரத்தனம் பண்ணினாலும் முடியாது. தெரு லைன் பக்கம் ஒரு சின்னச் சிவப்பு பல்பு வைத்தார், கரண்ட் திரும்பிவிட்டதென்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் உன் அப்பா கைப்பிடியைத் தொடப் போனார். "நீங்க இல்லீங்க" என்று வெங்கட்டப்பா தடுத்தார். என் பக்கம் திரும்பி, "நீங்க வந்து போடுங்கம்மா" என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவருக்குத் தெரியும் என்று. பத்துத் தடவை போடச் சொன்னார். மேலே, கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு முறையும் கைப்பிடி நடுவைத் தாண்டும்போது வீடு அணைந்து எரிந்தது. நான் ஒவ்வொரு முறையும் பதறினேன். "நடுவுல கொஞ்சம் இருட்டாவும். ஆவட்டும்மா. அதுக்கு பயப்படாதீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் எனக்கு விளங்கியது. புயல் நாளில் நான் இன்ஜினிடம் ஓடியிருக்கவே வேண்டாம். முக்காலி பக்கத்திலேயே இருந்தது; மெயினைக் கீழே இறக்கியிருந்தால் போதும், தெருக் கம்பி செத்திருக்கும், உன் பல்பு எரிந்துகொண்டே இருந்திருக்கும். இரண்டு உயிரில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று நினைத்து நான் நின்றேன். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நினைத்து நான் எத்தனை முறை அழுதேன் என்று சுவருக்குத்தான் தெரியும்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது, உன் பிறந்த நாளுக்கு வழக்கம்போல வெங்கட்டப்பா சாப்பிட வந்திருந்தார். மூன்று விரலால் அவர் சோற்றை அள்ளுவதைப் பார்த்து, நீயும் இரண்டு விரலை நீட்டி வைத்துக்கொண்டு அள்ளிச் சிரித்தாய். பளாரென்று அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் உன்னை அடித்ததில்லை. நீ அழக்கூட மறந்து என்னைப் பார்த்தாய். அவர்தான் உன்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "வுடுங்கம்மா, சின்னப் பையன்" என்று அதே மூன்று விரலால் உனக்கு ஊட்டினார். அந்த அறைக்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன். நீ யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று உனக்குச் சொல்லாமல் அடித்தது என் தப்பு.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் பக்கத்தில் கோரமண்டல் பேட்டையில் இருக்கிற வெங்கட்டப்பா வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அவருக்கு முதலில் சொல்லாமல் உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஃபியூஸ் போட்டது நான் என்று சொன்னேன். "தெரியும்மா" என்றார். "நானும் மைன்ஸ்ல வேல செஞ்சவன்தான். அன்னிக்கே ஆஸ்பத்திரியிலேர்ந்து கட்டு போட்டுக்கினு வரும்போது உங்க வூட்டுக்காரர் பாக்கெட்ல ஃபியூஸ் முட்டிக்கினு இருந்ததைப் பாத்தேன். பாக்கெட்ல வெச்சிக்கினு இருக்கறவன் புடுங்க மறந்தவனா இருக்க முடியுமா? பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றாருன்னு தெரிஞ்சிது. நல்ல மனுசன், சொல்லிட்டுப் போவட்டும்னு வுட்டேன்." அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு மூச்சைச் சொன்னேன். கை வைத்துக்கொண்டே நின்றேன், உங்கள் கை வெந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே நின்றேன் என்று சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்த தன் மனைவியைச் சாடை காட்டிச் சொன்னார்: "எம் பொண்டாட்டியா இருந்திருந்தா இன்ஜினை நிறுத்தியே இருக்க மாட்டா. நீங்க நிறுத்துனீங்கம்மா." அங்கேயே உட்கார்ந்து நான் குழந்தை மாதிரி அழுதேன். அந்த அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதனால் சொல்கிறேன் கேள். உன் தெருவிலும் ஒருவர் ஏணியோடு வருவார். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுவார். நீ மறக்காமல் மெயினை இறக்குவாய், உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உன் அப்பாவும் மறக்கவில்லை. நீ ஆபீசில் இருக்கும்போது, குஞ்சு குளிரில் கத்தும்போது, உன் மனைவி வீட்டில் தனியாக முக்காலி மேல் ஏறுவாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அதுதான் என் பயம். அவளுக்கு அந்த இரண்டு மூச்சு வரவே கூடாது. இந்தக் கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடு.

இதைப் படித்து முடித்ததும் அந்த இரண்டு முனை வயரை நடுவில் வெட்டு. சுவிட்ச் வருகிறவரை இருக்கட்டும் என்று தள்ளிப்போடாதே. குஞ்சுகளுக்கு இன்ஜினிலிருந்தே தனியாக ஒரு வயர் இழுத்து பல்பைக் கட்டு, வீட்டு வயரிங்கோடு சேர்க்காதே. இரண்டு நாள் ஃபேன் இல்லாமல் இருங்கள், ஒன்றும் ஆகாது. நான் இங்கே சுவரிலிருந்து சுவிட்சைக் கழற்றிவிட்டேன், மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி என் இடுப்புப் பையில் செருகிக்கொண்டுதான் கழற்றினேன், பயப்படாதே. செம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். கத்திகள் திறந்தபடி இருக்கின்றன, கை படாமல் மூட ஒரு மரப்பெட்டி வேண்டும் என்று வெங்கட்டப்பா சொன்னார். ஆம்பிளிஃபயர் பெட்டியின் மூடி இன்னும் பரணில் இருந்தது, ரோசம்மாவின் மருமகன் அதை அறுத்துப் பெட்டி செய்து கொடுத்தான். "கவனம்" என்ற எழுத்து அப்படியே முன்பக்கம் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் பங்காருப்பேட்டை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து நானும் வெங்கட்டப்பாவும் வருகிறோம். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, சுவரில் நான்கு மரக்கட்டை அடித்து வை. ஸ்க்ரூவை நீ முடுக்கு, அவர் சொல்வார். முடித்ததும் கைப்பிடியை மேலேயும் தள்ளாதே, கீழேயும் தள்ளாதே, நடுவில் நிறுத்தி வை. வீடு இருட்டாக இருக்கட்டும். முதல் தடவை அதை மேலே தள்ளுவது அவர் வலது கையாக இருக்க வேண்டும். இரண்டு விரல் மடங்காது, தெரியும். கைப்பிடி தள்ள உள்ளங்கை போதும்.

கோழிக்குஞ்சு அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், முட்டைக் குழம்பு போதுமாம்.

உன்னைப் பெட்டியில் வளர்த்த
அம்மா